நிலைபேற்றின் விலை: ஒளிப்பட இங்க்ஜெட் அச்சில் நிறமி மையும் மைப்பெட்டிப் பராமரிப்பும் (1991–2020)

ஆய்வுச்சுருக்கம்

இங்க்ஜெட் முறையில் அச்சிடப்பட்ட ஒளிப்படங்கள் விரைவில் நிறம் மங்கியதால், தொழில்முறை ஒளிப்பட அச்சில் சாய மையின் இடத்தை நிறமி மை 2000ஆம் ஆண்டையொட்டிப் பிடிக்கத் தொடங்கியது. படங்களின் ஆயுள் கூடியது. ஆனால், நிறமி நீரில் கரையாத பொருள். ஆகவே பெட்டிக்குள் படிதல், துளைவாயில் உலர்ந்து அடைத்தல், கருமையை மாற்றும்போது வீணாதல் ஆகிய சிக்கல்கள் அச்சுப்பொறியைப் பேணுவோர்மீது வந்து விழுந்தன. படத்துக்கு நீண்ட ஆயுளைத் தந்த பண்பே பொறிக்கு இடைவிடாத பராமரிப்பை வேண்டியது என்பதை அச்சுப்பொறிகளின் அமைப்பு, உற்பத்தியாளர் கையேடுகளின் அறிவுரைகள், நிலைபேற்றுச் சோதனைகளின் முறை ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: இங்க்ஜெட் அச்சு, நிறமி மை, சாய மை, மைப்பெட்டி, அச்சுத்தலை, பராமரிப்பு, ஒளிப்படப் பாதுகாப்பு

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஒரு கருவி முதலில் எப்போது தோன்றியது என்பதற்குக் கிடைக்கும் இடம், அது எவ்வாறு பழுதின்றி வைக்கப்பட்டது என்பதற்குக் கிடைப்பதில்லை. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூலில் பராமரிப்புக்கெனத் தனி இயலே ஒதுக்கி இக்குறையைச் சுட்டினார். டிஜிட்டல் ஒளிப்பட அச்சின் வரலாற்றுக்கும் அவர் கூற்று பொருந்துகின்றது. துளியின் அளவு சுருங்கியதும், நிறங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்ததும், படத்தின் ஆயுள் சில ஆண்டுகளிலிருந்து நூறாண்டுகளைத் தாண்டியதும் இவ்வரலாற்றில் வழக்கமாகப் பேசப்படுபவை. அந்த மையைப் பெட்டிக்குள் படியாமலும் துளைவாயில் உலராமலும் வைத்திருக்க ஆன உழைப்பும் பொருளும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சாயம், நிறமி என்னும் இரண்டு சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். சாயம் நீரில் உப்பைப்போலக் கரைந்துவிடுவது. அதன் மூலக்கூறுகள் தனித்தனியே பிரிந்து நீரெங்கும் பரவி நிற்கும். நிறமி கரைவதில்லை. மஞ்சள்தூளை நீரில் கலக்கினால் அது சிறிது நேரம் மிதந்து பின் அடியில் தங்குவதைப்போல, நிறமியும் நுண்துகளாக மிதந்து நிற்பது. நிறமி மை என்பது கரைசல் அன்று, மிதவல். இக்கட்டுரையில் பேசப்படும் எல்லாச் சிக்கல்களுக்கும், எல்லா நன்மைகளுக்கும்கூட, வேர் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது.

ஒரு பழைய சிக்கல்

அச்சிட்ட ஒளிப்படம் மங்குவது கணினிக் காலத்தில் தோன்றிய குறையன்று. ஒளிப்படக் கலை தோன்றிச் சில ஆண்டுகளிலேயே வெள்ளியுப்புப் படங்கள் வெளுத்தும் மஞ்சளித்தும் போயின. இதன் காரணங்களைக் கண்டறிய லண்டன் ஒளிப்படச் சங்கம் 1855இல் ஒரு குழுவை அமைத்தது. ‘மங்கல் குழு’ என்றே அது வரலாற்றில் அறியப்படுகின்றது. இளவரசர் ஆல்பர்ட் அக்குழுவின் பணிக்கு 50 பவுன் வழங்கினார். படத்தில் எஞ்சிய ஹைப்போ உப்பும் கந்தகமும் ஈரமும் குற்றவாளிகளென அக்குழு கண்டது.

அதே 1855இல் பிரான்சில் அல்போன்ஸ் லூயி புவாத்வேன் வேறொரு வழியைத் திறந்தார். ஒளிபட்டால் இறுகும் ஜெலட்டினுக்குள் கரித்தூளை வைத்துப் படம் அமைக்கும் கரியச்சு முறைக்கு அவரே அடிப்படையிட்டார். இங்கிலாந்தின் ஜோசப் வில்சன் ஸ்வான் 1864இல் அதனை நடைமுறைக்கு உகந்ததாக்கினார். வெள்ளி மங்கலாம், கரி மங்காது என்பதே அம்முறையின் அடிப்படை. ஓலைச்சுவடிகளின் எழுத்துகள் நூற்றாண்டுகள் கடந்தும் கறுப்பாகவே நிற்பதற்கும் அவற்றின்மேல் மையாடப் பயன்பட்ட கரியே காரணம் என்பதைச் சுவடியியல் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக, ‘நிலைக்க வேண்டுமாயின் கரையாத துகளை நாடு’ என்னும் விடை 2000ஆம் ஆண்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒளிப்படக்காரர் அறிந்திருந்தது. ஆனால் கரியச்சில் துகள் எந்த நுண்துளையின் வழியாகவும் செல்ல வேண்டியிருக்கவில்லை. இங்க்ஜெட்டில் அது செல்ல வேண்டியிருந்தது.

துளியை எறியும் பொறி

நீர்த்தாரை தானாகவே துளிகளாக உடைவதன் இயற்பியலை 1878இல் ரேலே பிரபு விளக்கினார். அக்கருத்தைக் கருவியாக்கியவர்களுள் முன்னோடி சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட். மருத்துவப் பதிவுக் கருவிக்காக அவர் வடிவமைத்த மைத்தாரைக்கு 1951இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உடலுக்குள் பொருத்தும் முதல் இதயமுடுக்கியை 1958இல் உருவாக்கியவரும் இவரே. லுண்ட் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ், இடைவிடாது பாயும் மைத்தாரையை மின்புலத்தால் கட்டுப்படுத்தும் முறையை வளர்த்தார்.

வேண்டியபோது மட்டும் துளியை வெளியேற்றும் முறை இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. 1977இல் கேனன் நிறுவன ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, மை நிறைந்த ஊசியின்மீது சூடான பற்றவைப்புக்கோல் தற்செயலாகப் பட்டபோது மை தெறித்ததைக் கண்டார். அதிலிருந்து வெப்ப முறை பிறந்தது. அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனமும் தனியே இதே கருத்தை அடைந்து, 1984இல் திங்க்ஜெட் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பொறியில் அச்சுத்தலையும் மைப்பெட்டியும் ஒன்றே. மை தீர்ந்தால் இரண்டையும் சேர்த்து எறிந்துவிடலாம். ஜப்பானின் எப்சன் நிறுவனம் மற்றொரு கிளையைத் தேர்ந்தது. மின்னழுத்தம் பாய்ந்தால் வடிவம் மாறும் பீசோ படிகத்தால் மையை உந்தித் தள்ளும் அச்சுத்தலையை 1993இல் அது சந்தைக்குக் கொணர்ந்தது. 1994இல் வந்த ஸ்டைலஸ் கலர், அங்குலத்துக்கு 720 புள்ளிகள் என்னும் நுண்மையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

பராமரிப்பின் வரலாற்றில் இப்பிளவு இன்றியமையாதது. வெப்ப முறையில் அச்சுத்தலை பயன்படுத்தித் தேயும் பொருள், பழுதானால் மாற்றலாம். பீசோ முறையில் அது பொறியின் நிலையான உறுப்பு. அது அடைத்துக்கொண்டால் பொறியே பயனற்றதாகும் அபாயம் உண்டு. மறுபுறம், பீசோ முறையில் மை சூடாக்கப்படுவதில்லை. எனவே மையின் வேதியமைப்பைத் தேர்வதில் உரிமை மிகுதி. வெப்ப முறையிலோ, சில நுண்நொடிகளுக்கு 300 பாகை செல்சியஸைக் கடந்து சூடாகும் தகட்டின்மீது மையிலுள்ள பொருள்கள் கருகிப் படியும். இதனைத் தொழிலில் ‘கோகேஷன்’ என்பர். கருகுதல் என்று பொருள்படும் ஜப்பானிய வினையிலிருந்து ஆக்கிய சொல். பால் காய்ச்சும் பாத்திரத்தில் நேர்வதைக் குறிக்கும் ‘அடிப்பிடித்தல்’ என்னும் தமிழ்ச்சொல் இதற்கு மிகப் பொருத்தமான கலைச்சொல்லாகும். ஒளிப்படத்துக்கான நிறமி மையில் பீசோ முறை முந்திக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

ஐரிஸ் அச்சும் முதல் ஏமாற்றமும்

இசைக்கலைஞரும் ஒளிப்பட ஆர்வலருமான கிரகாம் நாஷ், மேக் ஹோல்பர்ட்டுடன் இணைந்து 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சகத்தைத் தொடங்கினார். அங்கு இயங்கியது ஐரிஸ் 3047 என்னும் பெரும்பொறி. அதன் விலை 126,000 டாலர். ஹெர்ட்ஸின் தொடர்தாரை முறையில் அமைந்த அப்பொறி, இதழ்களும் விளம்பரங்களும் அச்சேறுமுன் நிறத்தைச் சரிபார்க்கும் மாதிரிப்படிகளை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அவ்வச்சகத்தில் பணியாற்றிய ஜாக் டுகான், ‘பீய்ச்சுதல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து ‘ஜிக்லே’ என்னும் பெயரை இவ்வச்சுகளுக்கு ஆக்கி வழங்கினார். அலுவலகக் கருவியின் நாற்றம் படாத சொல் கலைச்சந்தைக்குத் தேவைப்பட்டது போலும்.

மாதிரிப்படிக்குச் சில நாள் ஆயுள் போதும். அதனால் ஐரிஸ் பொறியின் மைகள் நீண்ட ஆயுளை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை சாய மைகள். கலைப்பொருளாக விற்கப்பட்ட தொடக்ககால அச்சுகள் வெளிச்சத்தில் மங்கலாயின. ஹென்றி வில்ஹெல்ம், கேரல் பிரவர் துணையுடன் 1993இல் வெளியிட்ட, வண்ண ஒளிப்படங்களின் நிலைபேறு பற்றிய பெருநூல், இவ்வகைச் சிக்கல்களை அளந்து ஒப்பிடும் வழக்கத்தை ஒளிப்பட உலகில் வேரூன்றச் செய்தது. அயோவா மாநிலத்தின் கிரினெல் நகரில் அவர் நடத்திய ஆய்வகத்தின் எண்களே பிற்காலத்தில் அச்சுப்பொறி விளம்பரங்களில் இடம்பெற்றன.

2000: ஒரே ஆண்டில் இரு பொறிகள்

சாயத்தின் எல்லையும் நிறமியின் வரவும் 2000ஆம் ஆண்டில் அருகருகே தெரிந்தன. அவ்வாண்டு எப்சன் வெளியிட்ட ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 ஆகிய பொறிகள் ஆறு நிறச் சாய மையில் இயங்கின. புதிய பளபளப்புத் தாளில் பத்தாண்டு அளவிலான ஆயுள் அவற்றுக்குக் கூறப்பட்டது. ஆனால் சில வீடுகளில் படங்கள் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாயின. வேறு சில இடங்களில் ஒன்றும் நேரவில்லை. காரணம் ஒளி அன்று, காற்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நுண்ணிய இடைவெளிகள் நிறைந்த தாளின் பூச்சுக்குள் காற்றிலுள்ள ஓசோன் நுழைந்து நீலச்சாயத்தைச் சிதைத்தது. நீலம் போனபின் எஞ்சிய செந்நீலமும் மஞ்சளும் சேர்ந்து செம்மஞ்சளாகத் தெரிந்தன. கண்ணாடிச் சட்டத்தினுள் வைத்த படத்தை மட்டும் கருதிய சோதனை முறைகள் காற்றோட்டத்தைக் கணக்கில் கொள்ளாதிருந்தன. ஓசோன் சோதனை பின்னரே வழக்குக்கு வந்தது.

அதே ஆண்டு எப்சன் வெளியிட்ட ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்னும் பொறி நிறமி மையில் இயங்கியது. அதன் படங்கள் 200 ஆண்டுகள்வரை நிலைக்கும் என விளம்பரம் கூறியது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவின் வேதியியல் காரணம் வியப்புக்குரியது. இங்க்ஜெட்டில் பரவலாகப் பயன்பட்ட நீலச்சாயங்களும் நீல நிறமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் கருவும் தாமிர தாலோசயனின். சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் நீரில் கரையும் வகையில் மாற்றப்பட்டுத் தனித்து நிற்பதால், ஓசோன் ஒவ்வொன்றையும் நேராகத் தாக்கும். நிறமியில் அவை படிகமாக அடுக்கப்பட்டிருப்பதால் மேற்புறத்திலுள்ளவை மட்டுமே தாக்குதலுக்கு ஆளாகும், உள்ளிருப்பவை காக்கப்படும். செந்நீலத்துக்குப் பயன்படும் குயினாக்ரிடோன் நிறமியை டுபாண்ட் நிறுவனம் 1958இல் சந்தைப்படுத்தியது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் மோட்டார் வாகன வண்ணப்பூச்சுகளில் அது இடம்பெற்றது. கருமைக்குக் கரித்தூள். புதிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை. பழைய பொருள்களை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுக்கு அரைத்து, மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நீரில் நிறுத்துவதே அரிய செயலாக இருந்தது.

2000பியின் படங்கள் நிலைத்தன என்றாலும் மனநிறைவு தரவில்லை. விளக்கொளியில் இயல்பாகத் தோன்றிய சாம்பல் நிறம், பகலொளியில் பச்சையோடியது. 2002இல் வந்த 2100 என்னும் பொறி, அமெரிக்கச் சந்தையில் 2200 என்னும் பெயருடையது, அல்ட்ராகுரோம் என்னும் ஏழு நிற மையால் இக்குறையைக் குறைத்தது. இளங்கருமை என ஒரு மை சேர்ந்ததால், சாம்பலைப் பல வண்ணங்களின் கலவையால் உண்டாக்கும் தேவை சுருங்கியது. 2005இன் கே3 மையில் கருமை மூன்று படிநிலைகளாயிற்று. இதற்கு முன்பே, 2000இல், வெர்மான்ட் மாநிலத்தின் ஜான் கோன், வண்ண மைகளை அகற்றிவிட்டு வெவ்வேறு செறிவுடைய கரி மைகளால் கறுப்புவெள்ளைப் படங்களை அச்சிடும் பீசோகிராபி முறையை வெளியிட்டிருந்தார். ஸ்வானின் கரியச்சுக்கு இதைவிட நேரான வாரிசு இல்லை.

பெட்டிக்குள் நிகழ்வது

சாய மைப்பெட்டியைப் பல மாதங்கள் அலமாரியில் வைத்திருந்தாலும் அதன் மேற்பகுதி மையும் அடிப்பகுதி மையும் ஒன்றே. நிறமி மைப்பெட்டியில் அவ்வாறன்று. துகள்கள் நீரைவிட அடர்த்தி மிக்கவை. கரித்தூளின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால், 100 நானோமீட்டர் விட்டமுள்ள துகள் மையில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இறங்கும். நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதல் இந்த இறக்கத்தை ஓரளவு எதிர்க்கும். எனவே புதிய மையில் படிவு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகின்றது. துகள்கள் ஒட்டித் திரண்டு விட்டம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். துகள்களைப் பிரித்து வைக்கும் சேர்மம் முதுமையாலோ வெப்பத்தாலோ வலுவிழக்க, ஒட்டுதல் பெருகுகின்றது. ஒட்டுதல் படிவை விரைவுபடுத்துகின்றது.

உற்பத்தியாளர் கையேடுகளில் ஒரு வரியாக வரும் இரண்டு அறிவுரைகளின் பின்னணி இதுவே. புதிய பெட்டியைப் பொருத்துமுன் சிலமுறை அசைக்க வேண்டும் என்பது ஒன்று. பொருத்திய ஆறு மாதங்களுக்குள் மையைப் பயன்படுத்தித் தீர்த்தல் நன்று என்பது மற்றொன்று. இவற்றை விற்பனைத் தந்திரமெனப் பயனர்கள் ஐயுறுவதுண்டு. ஆறு மாதம் என்னும் எல்லை இயற்கை விதியால் வரையப்பட்டதன்று என்பதும், ஆறாம் மாத முடிவில் மை திடீரெனக் கெடுவதில்லை என்பதும் உண்மையே. எனினும் அசைத்தல் என்னும் அறிவுரையை அவ்வாறு ஒதுக்க இயலாது. அசைக்காத பெட்டியிலிருந்து முதலில் செறிந்த மையும் பின்னர் நீர்த்த மையும் வெளிவந்தால், அதே கோப்பை ஜனவரியிலும் ஜூனிலும் அச்சிட்ட படங்கள் வேறுபடும். நிற அளவீட்டுக் கோப்பு எவ்வளவு துல்லியமாக அமைக்கப்பட்டிருந்தாலும் அதனால் இதைத் திருத்த முடியாது. ஏனெனில் அது அளவிட்ட மை இப்போது பெட்டியில் இல்லை.

பெட்டியின் கொள்ளளவும் இதில் பங்கு பெறுகின்றது. ஆர்2400 போன்ற மேசைப் பொறியின் பெட்டிகள் சிறியவை. விரைவில் தீர்ந்து மாற்றப்படும். 2006இன் ஸ்டைலஸ் புரோ 3800இல் ஒவ்வொரு பெட்டியும் 80 மில்லிலிட்டர். அகலப் பொறிகளில் அது 220ஆகவும், பின்னர் 700ஆகவும் வளர்ந்தது. பெரிய பெட்டியில் மில்லிலிட்டருக்கான விலை குறைவு என்பதால் சிறிய அச்சகங்களும் அவற்றை நாடின. ஆனால் எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் தீர்வதில்லை. கறுப்புவெள்ளைப் படங்களை மிகுதியாக அச்சிடும் அச்சகத்தில் மஞ்சள் பெட்டி ஆண்டுக்கணக்கில் அசையாது கிடக்கும். அவ்வாறு கிடக்கும் பெட்டியை அவ்வப்போது வெளியே எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து வைப்பதும், எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல் உடனே பொருத்துவதும் அச்சகங்களின் நடைமுறையாயின. வன்மையாகக் குலுக்கினால் நுரை எழும். நுரைக் குமிழி குழாய்க்குள் சென்றால் துளைவாய் சுடாது.

துளைவாயின் நலம்

நாசில் என வழங்கும் துளைவாயின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். மனித மயிரிழையின் பருமனில் மூன்றிலொரு பங்கு அளவு. துகள் இதைவிட இருநூறு மடங்கு சிறியதாகையால் தனித்துகள் அடைப்பதில்லை. அடைப்பை உண்டாக்குவது உலர்தல். துளைவாயில் நீர் ஆவியாகும்போது சாய மை பாகாகும். அடுத்து வரும் மை அதை மீண்டும் கரைத்துவிடும். நிறமி மை உலர்ந்தால் துகள்களும் அவற்றைப் பிணைக்கும் பிசினும் ஓடாக இறுகும். தாளில் நீர் பட்டாலும் கலையாமல் படத்தைக் காக்கும் அதே பிணைப்பு துளைவாயிலும் தன் வேலையைச் செய்கின்றது. இங்கேதான் இக்கட்டுரையின் வாதம் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது: நீரில் கலையாமையே வாங்குபவருக்கு விற்கப்பட்ட குணம், பேணுபவர் போராடியதும் அதே குணத்தோடுதான்.

இதனைத் தடுக்கப் பொறியின் ஓரத்தில் ஒரு சிறு பணிமனையே அமைந்துள்ளது. ஓய்வில் அச்சுத்தலையை மூடும் ஈரமான மூடி, மையை உறிஞ்சும் பம்பு, அடிப்புறத்தைத் துடைக்கும் ரப்பர் அலகு ஆகியவை அதன் உறுப்புகள். பொறியின் பொத்தானால் நிறுத்தினால் தலை மூடியில் சென்றமரும். சுவரிலுள்ள மின்விசையை அணைத்து நிறுத்தினால் தலை நடுவழியில் திறந்தபடி நிற்கக்கூடும். கையேடுகள் பொத்தானை வலியுறுத்துவது இதனால். மூடியின் விளிம்பில் மை காய்ந்து பொருக்கு கட்டினால் காற்றுப்புகாமை கெடும். பின்னர் எத்தனை முறை தூய்மையாக்கினாலும் மறுநாள் மீண்டும் அடைப்பு வரும். தலையைக் குறைகூறி மூடியை மறப்பது பயனர்களிடம் பரவலான பிழை. மெல்லிய கோடுகளாலான துளைவாய்ச் சோதனைப்படி எங்கே இடைவெளி விழுகிறது என்பதைக் காட்டும். அதைப் பாராமலே தூய்மையாக்கும் கட்டளையை மீண்டும் மீண்டும் இடுவது மையைச் செலவழித்து நோயை வளர்ப்பதாகும்.

வெப்ப முறையாளர் இச்சிக்கலுக்கு எண்ணிக்கையால் விடைகண்டனர். 3800இல் ஒரு நிறத்துக்கு 180 துளைவாய்கள். அதே 2006இல் கேனன் வெளியிட்ட பன்னிரண்டு மைப் பொறியான ஐபிஎஃப்5000இல் ஒரு நிறத்துக்கு 2,560. சில அடைத்தாலும் பிற துளைவாய்கள் ஈடுசெய்யும். தேய்ந்தபின் தலையையே மாற்றலாம். ஹியூலெட்-பேக்கார்டின் பி9180, அவ்வாண்டின் மற்றொரு நிறமிப் பொறி, மின்னிணைப்பைத் துண்டிக்காமல் வைக்கப்பட்டால் தன் துளைவாய்களைத் தானே சோதித்துப் பேணிக்கொள்ளும் வகையில் அமைந்தது. பராமரிப்பை மனிதரிடமிருந்து பொறிக்கு மாற்றும் முயற்சி இது. இருந்தும் மை செலவாகாமல் இல்லை. செலவு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே.

இரண்டு கருமைகள்

சாயம் தாளுக்குள் ஊறும். நிறமி தாளின்மேல் அமரும். ஆகவே பருத்தித் தாளிலும் பளபளப்புத் தாளிலும் ஒரே கரி மை சிறந்த கருமையைத் தருவதில்லை. மேட் தாளுக்கு ஒன்றும் பளபளப்புத் தாளுக்கு ஒன்றுமாக இரண்டு கருமைகள் தேவைப்பட்டன. பொறியில் இடமோ ஒன்று. 2002இன் அகலப் பொறிகளில் கருமையை மாற்ற, நீண்ட குழாய்களிலுள்ள மையை வெளியேற்ற வேண்டியிருந்தது. எட்டு இடங்கள் கொண்ட ஸ்டைலஸ் புரோ 4000 இரு கருமைகளையும் ஏற்றது. அடுத்து வந்த 4800இல் மூன்றாம் படிநிலைக் கருமைக்கு இடம் வேண்டியிருந்ததால் மாற்றும் தொல்லை திரும்பி வந்தது. 3800 ஒன்பது பெட்டிகளையும் ஏற்றுத் தானாக மாற்றிக்கொண்டது. எனினும் இரண்டு கருமைகளும் ஒரே துளைவாய் வரிசையைப் பகிர்ந்ததால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில மில்லிலிட்டர் மை கழிவுக்குச் சென்றது. கேனனும் ஹியூலெட்-பேக்கார்டும் 2000களிலேயே இருகருமைக்கும் தனித்தனி வழி அமைத்துவிட்டன. எப்சனின் மேசைவகை ஒளிப்படப் பொறிகளில் இக்குறை 2020இல் வந்த பி700, பி900 ஆகியவற்றில்தான் நீங்கியது. அச்சகங்கள் இதற்கிடையே தம் வேலையைப் பொறிக்கேற்ப வகுத்துக்கொண்டன. பளபளப்பு வேலையைச் சேர்த்து வைத்து ஒரே கிழமையில் முடிப்பதும், வசதியுள்ளோர் இரண்டு பொறிகளை வாங்கித் தாளுக்கொன்றாக ஒதுக்குவதும் வழக்கமாயின.

கழிவும் கணக்கும்

தூய்மையாக்கலில் உறிஞ்சப்பட்ட மை எங்கோ சேர வேண்டும். பழைய மேசைப் பொறிகளில் அது அடித்தட்டிலுள்ள பஞ்சுத்திண்டில் சேர்ந்தது. திண்டு நிறைந்துவிட்டதெனப் பொறியின் எண்ணி கணித்தால் அச்சு நின்றுவிடும். பணியகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பயனரே மாற்றக்கூடிய கழிவுத்தொட்டி 3800 போன்றவற்றில் அமைந்தது பெரும் ஆறுதல்.

மைப்பெட்டியில் எஞ்சியுள்ள மையும் அளந்து அறியப்படுவதன்று. சுடப்பட்ட துளிகளையும் தூய்மையாக்கல்களையும் எண்ணி, பெட்டியில் ஒட்டிய சில்லு மதிப்பிடுவது. பீசோ தலைக்குள் காற்று புகுந்தால் கேடு என்பதால், பெட்டி முற்றும் காலியாகுமுன் நிறுத்திவிடும்படி மதிப்பீடு அமைந்திருந்தது. எஞ்சிய மைக்கும் பணம் செலுத்தியோர் இதனை ஏற்கவில்லை. அமெரிக்காவில் எப்சனுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்து, தகுதியுடைய வாடிக்கையாளருக்கு 45 டாலர் மதிப்புள்ள ஈடு வழங்கப்பட்டது. தொழில்நுட்ப நியாயம் ஒருபுறம், வணிக ஆதாயம் மறுபுறம் என்று இதனை எளிதாகப் பிரிக்க முடியாது. தலையைக் காக்கும் எஞ்சிய மையும் விற்பனையைப் பெருக்கும் எஞ்சிய மையும் ஒரே மை. மீள்நிரப்புப் பெட்டிகளும் மாற்று மைகளும் வளர்ந்த சூழல் இதுவே. அவற்றைத் தேர்ந்தோர் நிறுவனத்தின் பராமரிப்புப் பொறுப்பையும் தம்மேல் ஏற்றுக்கொண்டனர்.

நிலைபேற்று எண்களும் சேகரிப்புகளும்

200 ஆண்டுகள் என்பது எவரும் காத்திருந்து கண்ட எண் அன்று. வில்ஹெல்ம் ஆய்வகத்தின் முறையில், 35,000 லக்ஸ் ஒளியில் படத்தை விரைந்து மங்கவைத்து, அதை நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் என்னும் காட்சிக்கூட வெளிச்சத்துக்கு மாற்றிக் கணக்கிடுவர். இம்முறையின் எடுகோள்கள் பற்றிய விவாதம் பாதுகாப்பியலில் உண்டு. பராமரிப்பு நோக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று: சோதனைக்குரிய படம், நன்கு கலந்த மையில், எல்லாத் துளைவாய்களும் இயங்கும் பொறியில் அச்சிடப்பட்டது எனக் கொள்ளப்படுகின்றது. பெட்டியின் அடியில் நிறமி தங்கி, நீர்த்த மையால் அச்சான படத்தில் துகள்கள் குறைவு. ஒவ்வொரு துகளின் இழப்பும் அங்கே கூடுதலாகத் தெரியும். அவ்வெண் அப்படத்துக்குப் பொருந்துமெனக் கொள்ள அடிப்படை இல்லை.

இது அருங்காட்சியகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் நேரான பொருளுடையது. டிஜிட்டல் அச்சுகளை இனங்கண்டு பாதுகாப்பது பற்றி மார்ட்டின் யூர்கன்ஸ் எழுதிய நூலை கெட்டி பாதுகாப்பியல் நிறுவனம் 2009இல் வெளியிட்டது. உருப்பெருக்கியின் கீழ்த் துளிகளின் வடிவைக் கண்டு அச்சு முறையை அறியும் நெறி அதில் விரிவாக உள்ளது. சேகரிப்புப் பட்டியல்களில் ‘நிறமி அச்சு’ எனக் குறிப்பதால் மையின் வகை தெரியும். அது அச்சான நாளில் பொறி இருந்த நிலை தெரியாது. நாஷ் எடிஷன்ஸின் ஐரிஸ் 3047, 2005இல் வாஷிங்டனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. பொறியைக் காப்பது ஒரு பணி. பெட்டியைப் பொருத்திய நாளும், தூய்மையாக்கலின் எண்ணிக்கையும், கருமை மாற்றமும் பதிந்த அச்சகக் குறிப்பேடுகளைக் காப்பது மற்றொரு பணி. இரண்டாவதற்கு ஆகும் இடம் ஒரு கோப்புறை மட்டுமே. படத்தை அச்சிட்ட நாளில் எடுத்த துளைவாய்ச் சோதனைத் தாள் படத்துடன் சேர்த்து வைக்கப்பட்டிருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முகத்தின் குறுக்கே ஓடும் மெல்லிய வெளிறிய கோட்டைக் காணும் பாதுகாப்பாளர், அது காலத்தின் சிதைவா, அன்று அடைத்திருந்த ஓர் இளநீலத் துளைவாயா என்பதைத் தாளை ஒப்பிட்டே பிரித்தறிந்துவிடுவார்.